நீக்குமுன் எண்ணிப் பாருங்கள்
(முன்னாள் மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசுங்க, பிள்ளைகளுக்குப் பயன்படணும்" என்றார் செயலாளர். ஆகவே ஒரு சின்ன விஷயம்: ஓர் அணியிலிருந்து, அதாவது அர்ரேயிலிருந்து, பல உறுப்புகளை நீக்குவது. இதில் என்ன இருக்கு என்பீர்கள். நம்ம ஊர்க் கதையையே எடுத்துக்குவோம்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. நெல்லையின் 16 தாலுகாக்களில் 8 அங்கே போயின. பட்டியலில் ஒரு பகுதி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: மானூர், ஆலங்குளம், தென்காசி, செங்கோட்டை, பாளையங்கோட்டை. நடுவிலுள்ள மூன்றும் போக வேண்டும். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குகிறோம். எண்ணிக்கை 0-இல் தொடங்கும். 1-ஆம் இடத்து ஆலங்குளம் போச்சு. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தர் விலகினால் பின்னால் நிற்பவர்கள் ஓரடி முன்னே வருவாங்க இல்லையா? அதுபோலத் தென்காசி 1-ஆம் இடத்துக்கு வந்துவிடும். நம்ம நிரலோ அடுத்து 2-ஆம் இடத்துக்குப் போய்விடும். அங்கே நிற்பது செங்கோட்டை, அதை நீக்கும். முடிவில் தென்காசி மாவட்டத்தின் தலைநகரே நெல்லைப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும்! பிழைச் செய்தி ஒன்றும் வராது. அதுதான் ஆபத்து.

ஜாவாவில் 'ஃபார்-ஈச்' சுற்றுக்குள் இப்படி நீக்கினால் பெரும்பாலும் நிரலே கத்தி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட், பைதான் எல்லாம் வாயே திறக்காது.

வழி என்ன? ஒன்று, கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள். அப்போது நகர்வதெல்லாம் ஏற்கெனவே பார்த்த உறுப்புகள்தான், எதுவும் தப்பாது. ஆனால் ஒவ்வொரு நீக்கத்துக்கும் பின்னாலுள்ள வரிசை முழுதும் நகரணும். ஒரு லட்சம் பெயரில் ஒன்றுவிட்டு ஒன்றாக 50,000 பெயரை நீக்கினால், 100 கோடிக்கும் மேற்பட்ட நகர்வுகள்!

இரண்டாவது வழி, என் சிபாரிசு: நீக்காதீர்கள். வேண்டியவற்றை மட்டும் புதிய அணியில் எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 'ஃபில்டர்' இதைத்தான் செய்கிறது. ஒரு லட்சம் பெயரை ஒரே ஒருமுறை பார்த்தால் போதும், அவ்ளோதான். பழைய பட்டியலும் பத்திரமாக இருக்கும்.

பிறகு எண்ணிப் பாருங்கள். இருப்பது 8, போனது 8, மொத்தம் 16 வருதா? வராவிட்டால் பழையதை அழிக்காதீங்க.

தம்பி, தங்கைகளே, நாளைக்கு உங்கள் கைக்கு வரும் பட்டியலில் இருப்பது தாலுகாவாக இருக்காது. முதியோர் பென்ஷன் வாங்கும் ஒரு பாட்டியின் பெயராக இருக்கலாம். தப்பாக நீக்கினால் அந்த மாதம் அவருக்குப் பணம் வராது. ஏன் வரவில்லை என்று அவருக்கும் தெரியாது. நிரல் எழுதிய உங்களுக்குத்தான் தெரியணும்.