ஆவணியிலேயே சொல்லிருங்க

(பழைய மாணவியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போன மாதம் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அக்கா, கொலுவுல ஆரம்பிச்சு பொங்கல் வரைக்கும் கையால செஞ்ச என்னென்ன பொருளைப் பரிசாக் கொடுக்கலாம்னு நீங்க பேசணும். பிள்ளைங்களுக்குப் பிரயோசனமா இருக்கும்" என்றார். நான் கைவினை நிபுணர் இல்லை; முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவள். ஆனால் பனை ஓலைப் பெட்டி முடைந்த ஒரு அம்மாவின் மகள். அந்தத் தகுதியில்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

புரட்டாசியில் கொலு, ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் விளக்கு, மார்கழியில் கிறிஸ்துமஸ், தை பிறந்தால் பொங்கல். இந்த நாலு மாதமும் நம் வீடுகளில் கொடுப்பதும் வாங்குவதுமாகத்தான் போகிறது. என்ன கொடுக்கிறோம்? மூன்று வருடத்துக்கு முன் நான் ஒரு வீட்டுக் கொலுவில் வைத்துக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பா, போன வருடம் வேறொரு வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கோடு என்னிடமே வந்து சேர்ந்தது. அடியில் நான் ஒட்டிய விலைச் சீட்டைக்கூட யாரும் கிழிக்கவில்லை! யாருக்கும் வேண்டாத பொருள் அப்படித்தான் ஊர் சுற்றும்.

இனி என் கதை. எங்கள் ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். அப்பா பனையேறி. பதநீர் சீசன் பங்குனி வாக்கில் தொடங்கி ஆவணிக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அடுத்த சீசன் வரை வீட்டில் வருமானம் என்றால் அம்மாவின் ஓலைதான். ஊரெல்லாம் பண்டிகை கொண்டாடும் அந்த மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததும், என் ஹாஸ்டல் பில் கட்டியதும் பெட்டி முடைந்த காசில்தான்.

1979-ல் ஆயுத பூஜை லீவு முடிந்து நான் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது அம்மா சாயம் போட்ட சின்னப் பெட்டி எட்டு முடைந்து, ஒவ்வொன்றிலும் சில்லுக்கருப்பட்டி போட்டு, "ஏட்டி, கூட இருக்க பிள்ளைங்களுக்குக் குடு" என்று தந்தாள். நான் கொடுக்கவில்லை. மற்றவர்கள் டவுனில் வாங்கின பொருட்களை எடுத்துக் காட்டும்போது ஓலைப்பெட்டியை எப்படி நீட்டுவது என்று வெட்கம். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இரண்டே நாளில் எறும்பு காட்டிக்கொடுத்துவிட்டது! வரிசை போன வழியே குனிந்து பார்த்து என் அறைத்தோழி எட்டுப் பெட்டியையும் வெளியே இழுத்துப் போட்டாள். "இவ்வளவு அழகா இருக்கு, இத எதுக்குடீ ஒளிச்சு வச்ச?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெட்டியில் மூன்று வருடமும் ஹேர்பின் போட்டு வைத்திருந்தவள், இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

அந்த வெட்கம் கல்லூரி முடிவதற்குள் போய்விட்டது. இன்னொரு தப்பை அதைவிடப் பெரிய வயதில் செய்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால், செயலாளர் கேட்ட பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். தூரத்து ஊர்ப் பொருள் எதுவும் இதில் கிடையாது. நம் தாமிரபரணிச் சீமையிலேயே நாலு இருக்கிறது.

முதலில் எங்கள் ஓலை. பனையின் குருத்தோலையை வெட்டி, விரித்து, வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, கத்தியால் ஒரே அகலத்தில் வார்ந்து எடுக்க வேண்டும். கொதிக்கிற சாயத் தண்ணீரில் முக்கி மறுபடி உலர்த்த வேண்டும். முடைவதற்கு முன் லேசாக ஈரம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் முறியும். குருத்தை வெட்டுவதிலும் கணக்கு உண்டு. பனைக்கு உச்சியில் வளர்கிற முனை ஒன்றே ஒன்றுதான்; அதில் காயம் பட்டால் மரமே போய்விடும். 1978-ல் நம் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட மரம் அது. மணப்பாட்டுப் பக்கம் பெண்கள் இன்றும் இந்த வேலை செய்கிறார்கள். தீபாவளிப் பலகாரத்தை அட்டைப் பெட்டிக்குப் பதில் மூடி போட்ட ஓலைப்பெட்டியில் கொடுத்துப் பாருங்கள். பலகாரம் தீர்ந்தாலும் பெட்டி வீட்டில் இருக்கும்.

இரண்டாவது பத்தமடைப் பாய். ஆற்றங்கரையில் விளையும் கோரையைக் கீறிக் காயவைத்து, பல நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, திரும்பக் காயவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்துச் சாயம் போட்டு நெய்வார்கள். பெரும்பாலும் அவ்வூர் முஸ்லிம் பெண்களின் கைவேலை அது. மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவார்கள். நம் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற பாயில் அந்தப் பெண்களின் உழைப்பு இருக்கிறது. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தலை தீபாவளிக்கு வருகிற ஜோடிக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தெரியவில்லை. வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பட்டுப்பாயை மடித்து வைக்காதீர்கள், சுருட்டி வையுங்கள்.

மூன்றாவது அம்பாசமுத்திரம் மரச்சொப்பு. கடைசலில் மரம் சுழலும்போதே அரக்குக் கட்டியை அழுத்திப் பிடிப்பார்கள். உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். கொலு பார்க்க வரும் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. வாயில் வைக்கிற வயதுக் குழந்தை என்றால் மட்டும், பூசியிருப்பது அரக்கா, கடைப் பெயிண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

நான்காவது காருக்குறிச்சி மண்பாண்டம். கார்த்திகைக்கு அகல், பொங்கலுக்குப் பானை. புது அகலை முந்தின நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரம் உலர்ந்தபின் ஏற்றினால் எண்ணெய் அதிகம் குடிக்காது. பன்னிரண்டு அகலை ஒரு ஓலைக் கொட்டானில் அடுக்கி, ஒரு பொட்டலம் திரி வைத்துக் கொடுத்தால் கார்த்திகைப் பரிசு தயார்.

"கையில காசு இல்லையே மிஸ்" என்கிற மாணவிகளுக்கு ஒன்று. அம்மாவின் பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 11 அங்குல அகலம், 27 அங்குல நீளம் வெட்டி, நீளவாக்கில் பாதியாக மடித்து, இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தைத்து, வாயில் ஒன்றரை அங்குலம் மடித்து அடித்தால் 10-க்கு 12 அங்குலத்தில் தாம்பூலப் பை. காதுக்கு அதே புடவையின் கரையைப் பயன்படுத்தலாம். கிழிசல் போக ஒரு புடவையில் இருபது பை தேறும். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. அதற்குப் பிறகும் கேரி பேக்கில் தாம்பூலம் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. நீங்கள் தைத்துக் கொடுத்தால் அடுத்த வருடம் அவர்களும் தைப்பார்கள்.

இப்போது என் தப்பு.

2012-ல் என் மகளுக்குத் தலை தீபாவளி. சம்பந்தி வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் எங்கள் தெருவுக்கும் முந்திரிக்கொத்து, அதிரசம் போட்டுக் கொடுக்க 60 ஓலைப்பெட்டி வேண்டும் என்று எனக்கு ஆசை. பள்ளிக்கூட வேலையில் நாள் போனதே தெரியவில்லை. பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது எங்கள் ஊர்ப் பக்கம் போய் ஒரு அம்மாவிடம் சொன்னேன். "மழை பிடிச்சுட்டே அக்கா, நாள் பத்தாதே" என்றாள். "எப்படியாவது பத்து நாள்ல முடிச்சுக் குடும்மா" என்றேன். பெட்டி 40 ரூபாய் என்றாள். மொத்தமாக எடுக்கிறேனே என்று பேசிப் பேசி 30-க்குக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது 600 ரூபாய் மிச்சம் பிடித்த பெருமை வேறு!

சொன்ன நாளில் பெட்டி வந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் பலகாரம் அடுக்கலாம் என்று எடுத்தால், பதினைந்து பெட்டிக்கு மேல் உள்பக்கம் பூசணம். எனக்கு வந்த கோபத்தில் அப்போதே பஸ் ஏறிப் போய்ச் சண்டை போடத் தயாரானேன். என் அம்மா அப்போது எங்களோடுதான் இருந்தாள். கண் மங்கிவிட்டது. ஒரு பெட்டியை வாங்கி விரலால் தடவினாள். மூக்கருகே வைத்து மோந்தாள்.

"பின்னல் நல்லாத்தான் இருக்கு. ஓலை காயலட்டி. யாரு அவள அவசரப்படுத்துனா?"

நான் பேசவில்லை.

"என்ன விலைக்கு எடுத்த?"

சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "அந்தக் காலத்துல எங்கிட்ட வருவானே வியாபாரி, அவனும் இப்படித்தான் பேசுவான்" என்றாள். அவ்வளவுதான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

டஜன் கணக்கில் விலை பேசி, எடுக்கும்போது ஏதாவது நொட்டை சொல்லி, அதிலும் குறைத்துக் கொடுத்துப் போன அந்த வியாபாரியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சின்ன வயதில் திண்ணையில் உட்கார்ந்து அவனை மனசுக்குள் திட்டியவள் நான். அம்மா காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைப்பதற்குள் மூடிப்பெட்டி நாலுதான் முடிக்க முடியும். அப்படியானால் 60 பெட்டிக்கு ஒரு ஆளுக்குப் பதினைந்து நாள். நான் கொடுத்தது பத்து. கணக்கு டீச்சருக்கு 60-ஐ நாலால் வகுக்கத் தெரியவில்லை! நான் பேசி முடித்த விலைக்கு ஒரு நாளைக்கு 120 ரூபாய். அதிலும் ஓலைக்கும் சாயத்துக்கும் போக மிச்சம்தான் கூலி.

தீபாவளி கழிந்து அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று அவளுக்கு முகம் மாறிவிட்டது. "வெயில் இல்லக்கா, ஓலைய அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டுக் காயவச்சோம். நானும் தங்கச்சியும் ராத்திரில்லாம் முழிச்சோம்" என்றாள். குறைத்த 600 ரூபாயைக் கொடுத்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வாங்கி எண்ணிப் பார்த்தாள், முந்தியில் முடிந்துகொண்டாள். நான் படியிறங்கும்போது, "அடுத்த வருசம் ஆவணியிலேயே சொல்லிருங்கக்கா. கொஞ்சம் முன்பணமும் குடுத்திருங்க" என்றாள்.

இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்ததெல்லாம் அந்த அம்மா சொன்ன அந்த ஒரு விஷயம்தான். யோசித்துப் பாருங்கள். ஓலை காய வெயில் வேண்டும். கோரை காய வெயில் வேண்டும். பச்சைப் பானை உலரவும் வெயில் வேண்டும். நம் சீமையில் பண்டிகை வருவதோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். அப்படியானால் பண்டிகைப் பொருளை வெயில் காலத்திலேயே செய்து வைக்க வேண்டும். செய்து வைத்தால், விற்கிற வரைக்கும் அவர்கள் எதைச் சாப்பிடுவது? அதனால் மழைக்கு முன்னால் நாம் கொடுக்கிற முன்பணம்தான் அந்த வீடுகளுக்குத் தீபாவளி. பண்டிகைக்கு முந்தின வாரம் போய்ப் பேரம் பேசினால் பூசணம் பிடித்த பெட்டிதான் கிடைக்கும். குற்றம் பெட்டியில் இல்லை.

2012-க்குப் பிறகு நான் ஆவணி பிறந்ததும் நோட்டில் பெயர் எழுதி, எண்ணிக்கை போட்டு, பாதிப் பணத்தோடு போய்ச் சொல்லிவிடுகிறேன். சொன்ன விலையில் குறைப்பதில்லை. ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டு மனசுக்குள் வகுத்துப் பார்ப்பேன். சில சமயம் அவர்கள் சொல்கிற விலையே குறைவாக இருக்கும். பரிசு கொடுக்கும்போது, "இது இன்ன ஊர்ப் பெட்டி, ஈரம் படாமல் வையுங்க, மாதம் ஒரு தடவை வெயில் காட்டுங்க" என்று சொல்லிக் கொடுப்பேன். ஒன்றுகூட இதுவரை என்னிடம் திரும்பி வரவில்லை.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இன்று காலை பதிவு மேஜையில் நம் எல்லாருக்கும் கொடுத்த பிளாஸ்டிக் பேனா ஸ்டாண்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. (சிரிப்பு.) செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அடுத்த கூட்டத்துக்கு என்ன கொடுப்பது என்பதை மட்டும் இந்த ஆவணியிலேயே தீர்மானியுங்கள். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். விடுதிப் பிள்ளைகளில் யார் வீட்டிலாவது ஓலை முடைகிறார்களா, பாய் நெய்கிறார்களா, சக்கரம் சுற்றுகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். அப்படி ஒரு பிள்ளை இந்தக் கூட்டத்தில் இருந்தால் அவளுக்கும் சொல்கிறேன்: கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பதை வெளியே எடும்மா. எறும்பு வருவதற்கு முன்னால் எடு.