மிதிக்கத் துணை வரும் மோட்டார்

தினமும் எட்டுப் பத்து கிலோமீட்டர் வேலைக்குப் போய்வருகிறவர்கள் மின்சார சைக்கிளை யோசித்துப் பார்க்கலாம். மோட்டார் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால், நம் நாட்டில் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். ஹெல்மெட் மட்டும் அவசியம் போட்டுக்கொள்ளுங்கள்.

விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் 36 வோல்ட், 8 ஆம்பியர்-மணி அளவில் பேட்டரி இருக்கும். அதை முழுக்க நிரப்ப அரை யூனிட் கரண்டுகூட ஆகாது. வழியில் சார்ஜ் தீர்ந்தாலும் பெடல் இருக்கிறது, மிதித்தே வீடு வந்து சேரலாம். வெயிலில் ஓட்டிவந்த சூட்டோடு மட்டும் சார்ஜ் போடாதீர்கள். பேட்டரியின் ஆயுள் குறைந்துவிடும்.

வாங்கும்போது, மாற்று பேட்டரி என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள்.