மௌனம் காவல் ஆகாது



நான் உளவியலாளன் அல்லன், கணினித்துறையில் பணிபுரிபவன். எனினும், நம் ஒன்றுகூடல்களில் எவரும் பேசத் துணியாத ஒன்றைப் பேச வந்துள்ளேன்.

சிறுவயதில் அடி, வசை, புறக்கணிப்பு, பாலியல் கொடுமை ஆகியவற்றை அனுபவித்தோர், வளர்ந்த பின்னரும் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு ஏனையோரைவிட அதிகம். அமெரிக்காவின் சான் டியேகோவில் 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு, இத்துன்பங்கள் பெரும்பாலும் தனித்து வருவதில்லை என்று காட்டியது. 80 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு உள்ளானோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பின்னரும் அதற்கு உள்ளாகியுள்ளனர். ஆண்களும் இதற்கு விலக்கல்லர்.

காரணம் என்ன? அச்சத்தில் உறைந்துபோகப் பழகிய உடல், பின்னாளிலும் ஆபத்தின்போது உறைந்துவிடக்கூடும். அன்பு காட்ட வேண்டியவரே துன்புறுத்தியமையால், எவரை நம்பலாம் என்ற கணிப்பு குழம்புகிறது. "தவறு என்னுடையதே" என்னும் வெட்கம் வாயை அடைக்கிறது. கொடியவர்கள் இத்தனிமையை அறிந்தே நெருங்குகிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: பூட்டு பழுதுற்ற வீட்டில் திருட்டு நடந்தாலும் குற்றவாளி திருடனே. பாதிக்கப்பட்டவர்மீது எள்ளளவும் பழியில்லை. இது விதியும் அன்று; பாதிக்கப்பட்டோரில் மற்றப் பாதிப்பேருக்கு அது மீண்டும் நேரவில்லை.

பெற்றோர்களே, "அடியாத மாடு படியாது" என்று வளர்ந்தவர்கள் நாம். பெரியவர் எது செய்தாலும் பொறுத்துக்கொள் என்பதையே அந்த அடி கற்பிக்கிறது. விருப்பமின்றி மாமாவுக்கு முத்தம் கொடுக்கச் சொல்லும்போதும் அதையே கற்பிக்கிறோம். "வேண்டாம்" என்ற சொல்லை வீட்டில் மதியாவிட்டால், பிள்ளை வெளியில் அதை எவ்வாறு துணிந்து சொல்லும்?

பிள்ளை ஒரு நாள் வாய்திறந்தால், "வெளியில் சொல்லாதே, மானம் போய்விடும்" என்று தடுக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன்னை நம்புகிறேன்" என்று சொல்லுங்கள். முதலில் கேட்பவர் நம்புவதே மீட்சியின் முதற்படி. பின்னர், உறவினரே ஆயினும், அந்நபரிடமிருந்து பிள்ளையை விலக்கிக் காவல்துறையை நாடுங்கள்.

இளையோரே, பிரித்தானியாவில் 1986இல் தொடங்கிய சைல்ட்லைன் சேவையை 0800 1111 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். பல நாடுகளில் இத்தகைய சேவைகள் உள்ளன. ஆண்டுகள் கடந்தபின் சொன்னாலும் அது காலம் தாழ்ந்ததாகாது.

மானம் என்பது மறைப்பதில் இல்லை. பிள்ளைகளைக் காப்பதில் உள்ளது.