நினைவி என்னும் சீட்டு

தில்லியிலோ நாகபுரியிலோ வாழும் தமிழர் ஒருவர், கோடை விடுமுறையில் மதுரை செல்ல எண்ணிக் கைபேசியில் விடுதி தேடுகிறார். மறுநாள் செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்தால், அங்கே மதுரை விடுதிகளின் விளம்பரம் வந்து நிற்கிறது. தம் எண்ணம் பிறருக்கு எவ்வாறு தெரிந்தது என்று அவர் வியக்கிறார். இதில் மாயம் ஏதுமில்லை.

1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டூலி என்பவர் 'குக்கி' என்னும் சிறு குறிப்பை வகுத்தார். தமிழில் இதனை நினைவி என்கின்றனர். மூலத்தினும் பெயர்ப்பே பொருத்தமாக அமைந்த அரிய சொற்களுள் இஃது ஒன்று. இணையக் கடைக்கு நேற்று வந்தவரும் இன்று வந்தவரும் ஒருவரே என்று தானாகத் தெரியாது. ஆதலால் கடை ஒரு சீட்டை நம் உலாவியிடம் கொடுத்து வைக்கிறது. அடுத்த முறை உலாவி அதனைத் திருப்பிக் காட்டுகிறது. கூடையில் இட்ட பொருள் மறையாதிருப்பது இதனால்தான். இதுவரை குற்றமில்லை.

தொல்லை பிறிதோரிடத்தில் தொடங்கிற்று. செய்திப் பக்கத்தில் தோன்றும் விளம்பரம் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது. அந்நிறுவனமும் தன் சீட்டை நம் உலாவியில் இட்டுவிடுகிறது. அதன் விளம்பரம் ஆயிரம் தளங்களில் இருப்பின், ஆயிரம் இடங்களிலும் உலாவி அச்சீட்டையே நீட்டுகிறது. மருந்தைப் பற்றிப் படித்ததும், கடன் தேடியதும், மகளுக்கு வரன் பார்த்ததும் ஒரே கணக்கில் ஏறிவிடுகின்றன. பெயர் தெரியாவிடினும் ஆளின் நிலை தெரிந்துவிடுகிறதன்றோ!

ஆப்பிளின் சஃபாரி உலாவி இத்தகைய அயலார் நினைவிகளை 2020-இல் முற்றிலும் தடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-இல் அவற்றைத் தளத்துக்குத் தளம் பிரித்துப் பூட்டியது. கூகிளோ, குரோமிலிருந்து அவற்றை நீக்குவதாக 2020-இல் அறிவித்து, பன்முறை ஒத்திவைத்து, 2024-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத்தால் வாழும் நிறுவனத்திடம் வேறெதனை எதிர்பார்ப்பது! எனினும் குரோமின் அமைப்புகளில், தனியுரிமைப் பகுதிக்குச் சென்று நாமே அவற்றைத் தடுத்துக்கொள்ளலாம். மறைநிலைச் சாளரம் போதும் என்று அமைதி கொள்வோர் உளர். அது நம் கருவியில் உலாவிய வரலாற்றைச் சேர்த்து வைக்காதேயன்றி, நாம் சென்ற தளத்தாரின் கண்ணை மறைப்பதில்லை.

'நினைவிகளை ஏற்கிறீர்களா?' என்று சில தளங்கள் ஆங்கிலத்தில் கேட்கின்றன. மகனுடன் புனேயில் வாழும், தமிழ் மட்டுமே அறிந்த தாயார் அதனை அழுத்துவது ஒப்புதல் ஆகாது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவுக்கு ஒப்புதல் கேட்போர் அதனை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. எம்மாநிலத்தில் இருந்து கேட்டாலும் இவ்வுரிமை உண்டு. 2025 நவம்பரில் வெளியான அறிவிக்கைப்படி, இக்கடமை 18 திங்களுக்குப் பின் நடைமுறைக்கு வரும். ஆங்கில மூலமே விளங்காதவாறு எழுதப்பட்டிருப்பின், பாவம், மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார் என்பது வேறு வழக்கு!