கணிதமும் உரையாடும் கொப்பியும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பல்கலைக்கழகத்தில் இன்னும் மாணாக்கராயிருக்கும் நாம், அனுபவம் முதிர்ந்தோர் கூடிய இச்சபையிலே கல்வியைப் பற்றிப் பேச முன்வருவது அதிகப்பிரசங்கம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் வகுப்பறை வாங்கிலிருந்து எழுந்து அதிக காலமாகாதவர் நாம். அந்த வாங்கின் கஷ்டம் இன்னும் நமது நினைவிலிருந்து அகலவில்லை. அந்த ஒரு தகுதியைக் கொண்டே இன்று பேசுகிறோம்.

தரம் 6 முதல் 9 வரை படிக்கும் ஒரு பிள்ளையின் கணிதக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். எழுத்து அழகாயிருக்கும், கோடுகள் நேராயிருக்கும். ஆனால் அதிலுள்ளவை யாருடைய சொற்கள்? கரும்பலகையில் உபாத்தியாயர் எழுதியவை. தனியார் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவை. கொப்பி பிள்ளையுடையது, உள்ளேயிருப்பது பிறருடையது. கொப்பி நிறைந்துவிடுகிறது, பிள்ளையோ வெறுமையாய் நிற்கிறது. க.பொ.த. சாதாரண தரத்திலே கணிதம் கட்டாய பாடம். அதிலே தவறிய பிள்ளைக்கு உயர்தர வகுப்பின் வாயில் எளிதில் திறப்பதில்லை. ஆகவே இது வெறுங் கொப்பி விஷயமன்று. ஒரு குடும்பத்தின் எதிர்கால விஷயம்.

இதற்கு ஒரு வழியை அமெரிக்க ஆசிரியர் சிலர் கையாண்டு வருகின்றனர். முதலில் சரித்திர பாடத்திற் பிரபலமாகி, பின்னர் கணித வகுப்புக்கும் வந்த முறை அது. ‘இன்டராக்டிவ் நோட்புக்’ என அவர்கள் வழங்குவதை நாம் ‘உரையாடும் கொப்பி’ என்று சொல்லலாம். விதி மிக எளியது. வலப்பக்கம் ஆசிரியருக்கு: வரைவிலக்கணம், சூத்திரம், செய்து காட்டிய உதாரணம் ஆகியன அங்கே இடம்பெறும். இடப்பக்கம் மாணவனுக்கு: அதே விஷயத்தை அவன் தன் சொல்லால் எழுதுவான், படம் வரைவான், கடதாசியை மடித்து ஒட்டுவான், தானே ஒரு கணக்கு உண்டாக்குவான். முதல் இரண்டு தாள்கள் பொருளடக்கத்துக்கு. ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் உண்டு. வகுப்பு முழுவதற்கும் பக்க எண் ஒன்றாயிருப்பதால், சுகவீனத்தால் வராத பிள்ளை தான் தவறவிட்டது எதுவென்று உடனே அறிந்துகொள்ளும்.

உதாரணமாக, பாதியுடன் மூன்றிலொன்றைக் கூட்டும்படி சொன்னால், மேலுள்ளவற்றை மேலுள்ளவற்றோடும் கீழுள்ளவற்றைக் கீழுள்ளவற்றோடும் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைகள் பலர். சிவப்பு மையாற் பிழையென்று கோடிட்டால் பிள்ளைக்கு வருத்தம் மிஞ்சும், விளக்கம் கிடையாது. உரையாடும் கொப்பியிலே அப்பிள்ளை ஒரே நீளமான கடதாசித் துண்டுகளை வெட்டி, பாதியையும் மூன்றிலொன்றையும் அடுத்தடுத்து ஒட்டுகிறது. கீழே இன்னொரு துண்டை 6 சம பாகமாக மடித்து ஒட்டுகிறது. மேலுள்ளவை 5 பாகத்தோடு பொருந்துவதைக் கண் காண்கிறது. 2/5 என்பது பாதியிலும் குறைந்ததாயிற்றே. பாதியோடு ஒன்றைக் கூட்டினால் பாதியிலும் குறைந்தது எப்படி வரும்? இக்கேள்வியைப் பிள்ளையே தன்னிடம் கேட்டுக்கொள்கிறது. பிழையான விடையையும் அழிக்காமல், அது ஏன் பிழையென்று பக்கத்தில் எழுதி வைக்கிறது.

அட்சரகணிதத்திலும் அப்படியே. (3+2)² என்பதை 9+4=13 என்று எழுதுவோர் உளர். சதுரக் கட்டங்களுள்ள தாளில் பக்கத்துக்கு 5 கட்டமாக ஒரு சதுரம் வெட்டச் சொல்லுங்கள். அதனை 3x3 சதுரமாகவும், 2x2 சதுரமாகவும், 3x2 செவ்வகங்கள் இரண்டாகவும் பிரித்து ஒட்டினால், காணாமற்போன 12 கட்டங்களும் எங்கேயிருந்தன என்பது தெரிந்துவிடும். முக்கோணியின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒரு புள்ளியிற் சேர்த்து ஒட்டினால் நேர்கோடு அமையும். கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை. கண்ணாற் கண்டது நிறுவல் ஆகாது என்பதும் உண்மையே. சமாந்தரக் கோட்டைக் கொண்டு நிறுவும் முறை எதிர்ப்பக்கத்தில் இருக்கும். கை கண்டதை அறிவு நிறுவுவதற்கு இரண்டு பக்கங்களும் வேண்டும்.

கணித மேதை இராமாநுஜனைப் பற்றி அறியாதார் இல்லை. கடதாசி வாங்க வசதியில்லாத அவர் கற்பலகையிற் செய்து பார்த்து அழித்துவிட்டு, முடிவை மாத்திரம் தமது குறிப்பேடுகளில் எழுதினார். 1920இல் அவர் மறைந்தபின், அவ்வேடுகளிலிருந்த 3,000க்கு மேற்பட்ட முடிவுகளுக்கு வழி காட்டும் பணி பெரும் பணியாயிற்று. புரூஸ் பேர்ன்ட் என்னும் பேராசிரியர் 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்களாக அதனை வெளியிட்டார். மேதைக்கு முடிவு போதும். வழி அவர் உள்ளத்தில் இருந்தது. நமது பிள்ளைகளுக்கோ அழிக்கப்படும் அந்த வழியே கல்வி.

ஆராய்ச்சியாளரும் இதற்கு அரண் செய்கின்றனர். செய்து காட்டிய கணக்கைத் தமக்குத்தாமே விளக்கிக்கொண்டு படிப்போர் நன்கு கற்கின்றனர் என்பதை 1989இல் மிஷலின் சீ என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் காட்டினர். திரும்பத்திரும்ப வாசிப்பதிலும், மூடிவைத்து நினைவுகூர்வதே நெடுநாள் நிலைக்கும் என்பதை 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் காட்டினர். ஆகவே வலப்பக்கத்தை மூடிவைத்தே இடப்பக்கத்தை எழுதப் பழக்கவேண்டும். பார்த்து எழுதினால் அதுவும் இன்னொரு பிரதியாகிவிடும்.

ஆட்சேபங்களும் உண்டு. “நாங்கள் எண்சுவடியை மனனஞ் செய்தே படித்தோம், வெட்டி ஒட்டவில்லை” என்று பெரியோர் கூறலாம். உண்மை. 1/320 ஆகிய முந்திரி வரைக்கும் ஒப்புவித்த பரம்பரை நம்முடையது. வாய்பாடு இன்றும் வேண்டும். மனனத்துக்கு நாம் பகைவரல்லர். ஆயினும் முந்திரியும் காணியும் மாவும் அக்காலத்து அளவையிலும் கொடுக்கல் வாங்கலிலும் புழங்கியவை. புழக்கத்தில் இல்லாத பின்னத்தை இன்றைய பிள்ளைக்குக் கையாற் காட்டத்தானே வேண்டும்?

“நேரம் போதாது, வர்ணம் தீட்டுவதிலேயே பாடம் முடிந்துவிடும்” என்பது அடுத்த ஆட்சேபம். இதில் நியாயம் இருக்கிறது. அழகுக்குப் புள்ளி கொடுக்கத் தொடங்கினால் அன்றே இம்முறை கெட்டுப்போகும். ஒரு பாடத்துக்கு ஓர் இடப்பக்கம், பத்து நிமிஷம், ஒரு பென்சில், இவ்வளவு போதும். “பணச் செலவு” என்பர் சிலர். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் வெட்டி ஒட்டுவதற்குப் பழைய கலண்டரும் பத்திரிகையும் போதும். பசைக்குச் சிறிது கோதுமை மாக் கஞ்சி போதும்.

விஜயதசமியன்று பெரியவர் ஒருவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவிக்கிறார். அது புனிதமான தொடக்கம். ஆனால் பிடித்த கையை ஒரு நாள் விட்டாக வேண்டுமல்லவா? வலப்பக்கம் கையைப் பிடிப்பது. இடப்பக்கம் கையை விடுவது.

எனவே சங்கத்துக்கு இரு விண்ணப்பங்கள். வாலிபர்களே, வாரத்தில் ஒரு மாலை நமது மண்டபத்திலே அயலிலுள்ள பிள்ளைகளுடன் இருந்து, இடப்பக்கம் எழுதத் துணைசெய்வோம். விடை சொல்லிக் கொடுப்பது நமது வேலையன்று, “ஏன்?” என்று கேட்பதே வேலை. பெரியோர்களே, பிள்ளை வீடு வந்ததும் “எத்தனை புள்ளி?” என்று கேட்பதற்கு முன், “உன் இடப்பக்கத்தைக் காட்டு மோனே, காட்டு பிள்ளை” என்று கேளுங்கள். கணிதம் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. தெரியாதவருக்கு விளக்கும் பிள்ளையே நன்றாகக் கற்கும் பிள்ளை.