நிலக்கரிக்குள் ஓர் இரும்புத் தூள்



நிலக்கரியும் பெட்ரோலும் பெரும்பாலும் கார்பன்தான். வித்தியாசம் ஹைட்ரஜனில் இருக்கிறது. பெட்ரோலில் ஒரு கார்பன் அணுவுக்குச் சுமார் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. நிலக்கரியில் ஒன்றுகூடத் தேறாது. அந்தக் குறையை நிரப்பினால் கரி எண்ணெயாகும். ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்ரிக் பெர்கியுஸ் 1913-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1931-ல் கார்ல் போஷுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சிக்கல் எங்கே என்றால், 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும்போது கரியின் பெரிய மூலக்கூறுகள் உடைகின்றன. உடைந்த துண்டுக்கு அந்தக் கணமே ஹைட்ரஜன் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, மறுபடியும் கரியாக இறுகிவிடும்.

ஹைட்ரஜனைப் பிரித்துக் கொடுப்பது வினையூக்கி. அதை நுண்துளைகள் கொண்ட வில்லைகளாகப் போட்டால், பெரிய துண்டுகள் துளைக்குள் நுழைவதில்லை. கசடும் சாம்பலும் துளைவாயை அடைத்துவிடும். பந்தியில் உட்கார்ந்தவர்களைச் சமையற்கட்டுக்கு வரச் சொன்னால் நடக்குமா? பரிமாறுகிறவர்தான் இலைக்கு இலை போகவேண்டும். வினையூக்கியையே நுண்தூளாக்கி, கரித்தூளும் எண்ணெயும் கலந்த குழம்பு முழுவதும் பரப்புவது இதற்காகத்தான்.

சீனாவின் உள்மங்கோலியாவில், ஓர்டோஸில் உள்ள ஷென்ஹுவா கரி-எண்ணெய் ஆலை இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. அது 2008 டிசம்பரில் சோதனை ஓட்டம் தொடங்கியது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் எண்ணெய் எடுக்கும் திறனுள்ளது. அங்கே இரும்பு உப்புக் கரைசலைக் கரித்தூளோடு கலந்து, இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடைக் கரித்துகளின் மேலேயே படியவைக்கிறார்கள். படிந்த இரும்புத் துகளின் அகலம் சில பத்து நானோமீட்டர்தான். உலைக்குள் கந்தகத்தோடு சேர்ந்து அது இரும்பு சல்பைடாக மாறிய பிறகே வேலை செய்யத் தொடங்குகிறது.

மாலிப்டினம் இதைவிடத் திறமைசாலி; பத்து லட்சத்தில் சில நூறு பங்கு இருந்தாலே போதும். ஆனால் விலை அதிகம். பரப்பிய தூளோ கடைசியில் கசடோடு கலந்து வெளியேறிவிடும். திரும்ப எடுப்பது பெரும்பாடு. போனால் போகட்டும் என்று விடத் தோதானது இரும்புதான். அந்நாளைய ஜெர்மன் கரி-எண்ணெய் ஆலைகள், அலுமினா எடுத்தபின் எஞ்சும் இரும்பு கலந்த செஞ்சேற்றைப் பயன்படுத்தியதும் அதனால்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. வினையூக்கி ஹைட்ரஜனைப் பகிர்ந்து கொடுக்குமே தவிர, உற்பத்தி செய்யாது. ஓர்டோஸில் அந்த ஹைட்ரஜனும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. கூடவே ஏராளமான கார்பன் டை ஆக்சைடும் வருகிறது. தூளை எவ்வளவு நுணுக்கினாலும் இந்தக் கணக்கு தீராது. ஹைட்ரஜனை எதிலிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் இந்தத் தொழிலின் நியாயம் இருக்கிறது.