திறவாத ஓவன் கதவு



பிழைப்பை நாடித் தில்லிக்கும் மும்பைக்கும் புனேவுக்கும் வந்து சேர்ந்த நம்மிற் பலர் வாடகை அடுக்ககங்களில் வாழ்கிறோம். வீட்டோடு, வீட்டுக்காரருடைய யந்திரங்களும் நம் பொறுப்பில் வந்துவிடுகின்றன. சமையலறை அலமாரிக்குள் பதித்து வைத்த மின்சார ஓவன் அவற்றுள் ஒன்று. 'அவன்' என்றெழுதுவோரும் உளர். ஆனால் 'அவன் கதவு திறக்கவில்லை' என்றால் எவன் என்ற கேள்வி எழும். ஆகையால் ஓவன் என்றே சொல்லுவோம்.

இவற்றிற் சில தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும். 1963இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த முறை இது. உட்புறம் ஏறத்தாழ 480 பாகை செண்டிகிரேடு வரை சூடேறும். ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் சாம்பலாகிவிடும். கேக் வேகுவதற்கு 180 பாகை போதும் என்பதை நினைத்தால் இந்த உஷ்ணத்தின் கடுமை விளங்கும். ஆகவேதான் சுத்தம் தொடங்கியதும் ஒரு சிறு மோட்டார் சுழன்று, கொக்கியொன்றைக் கதவில் மாட்டிவிடுகிறது. உஷ்ணம் ஏறத்தாழ 300 பாகைக்குக் கீழே இறங்கிய பின்னரே கொக்கி விலகும்.

2023ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, நொய்டாவில் எங்கள் வீட்டு ஓவனை இவ்வாறு சுத்தம் செய்ய முற்பட்டோம். பாதியில் மின்சாரம் நின்றது. அடுக்ககத்து ஜெனரேட்டர் விளக்கையும் விசிறியையும் தாங்குமே ஒழிய ஓவனைத் தாங்காது. ஒரு மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தபோது கடிகாரம் பூஜ்யங்களைக் காட்டிக் கண் சிமிட்டியது, பூட்டுச் சின்னம் எரிந்தது, கதவு அசையவில்லை. கொக்கியை நகர்த்துவது மோட்டார் ஒன்றே. மின்சாரம் போன கணத்தில் கொக்கி எங்கே இருந்ததோ அங்கேயே நின்றுவிடும்.

அண்டைவீட்டு நண்பர் திருப்புளியோடு வந்தார். நெம்பிப் பார்க்கலாம் என்றார். நாங்கள் இசையவில்லை. கதவில் உள்ளவை அடுக்கடுக்கான கண்ணாடிகள், நெம்பினால் நொறுங்கும். அதனினும் பெரிது, உள்ளே பிசுக்குக் கனன்றுகொண்டிருக்கும்போது கதவைத் திறந்தால் புதுக்காற்றுப் பாய்ந்து தீப்பற்றக்கூடும். வெளிக்கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. இரவு முழுவதும் விட்டுவைத்தோம்.

காலையில் செய்தவை இவை. முதலில் அது குழந்தைப்பூட்டு அன்று என்று தெளிந்தோம். குழந்தைப்பூட்டாயின் சாவிச் சின்னமுள்ள பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தினாலே விலகிவிடும். பிறகு ஓவனுக்குரிய எம்.சி.பி.யை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்துப் போட்டோம். கடிகாரத்துக்கு மணி வைத்தோம். மணி வைக்காவிட்டால் சில ஓவன்கள் எந்தக் கட்டளைக்கும் செவிசாய்க்கா. கதவைக் கையால் உட்புறமாக மெல்ல அழுத்தினோம். கொக்கி இறுகியிருந்தால் இதனால் தளரும். கடைசியாக, சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தி, ஒரு நிமிஷத்தில் ரத்துச் செய்தோம். மோட்டாருக்கு மீண்டும் ஒரு சுழற்சி கொடுக்கும் உபாயம் இது. பலருக்கு இவ்வளவிலேயே கதவு திறந்துவிடும்.

எங்களுக்குத் திறக்கவில்லை. ஆனால் காது கொடுத்துக் கேட்டதில் ஒன்று புரிந்தது. மோட்டாரின் ரீங்காரம் கேட்டது. மறுபடி மறுபடி சுழன்று, பின் நின்று, பலகையில் ஒரு பிழை எண் தோன்றியது. ஓசையே இல்லையென்றால் மோட்டாரையோ அதன் கம்பியையோ ஐயுறலாம். சுழன்றும் முடிவுக்கு வரவில்லையென்றால், கொக்கி எங்கே இருக்கிறது என்று சொல்லும் நுண்விசை, அதாவது மைக்ரோ ஸ்விட்சு, பழுதாகியிருக்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு பழுது பார்ப்பவரை அழைத்தோம்.

வந்தவர் கெட்டிக்காரர். ஓவனை வெளியே இழுக்க வேண்டிய திருகாணிகளோ கதவுக்கு உட்புறத்தில் இருந்தன, கதவோ பூட்டிக்கிடந்தது! அவர் கதவை இலேசாக இழுத்துப் பிடித்துக்கொள்ள, நாங்கள் மின்பெட்டியருகே நின்றோம். மோட்டார் சுழன்று, கொக்கி விலகிக் கதவு நெகிழ்ந்த கணத்தில் அவர் குரல் கொடுத்தார்; எம்.சி.பி.யை அணைத்தோம். கதவு திறந்தது.

ஓவனை இழுத்து மேல்தகட்டைக் கழற்றினார். கட்டைவிரல் நகமளவே உள்ள அந்த ஸ்விட்சின் பொத்தான் எண்ணெய்ப் பிசுக்கேறி அழுந்தியபடியே ஒட்டியிருந்தது. "டைரெக்ட் கர் தூம்?" என்றார். வடக்கே குடியிருக்கும் நேயர்கள் இந்தச் சொல்லை அறிவார்கள். ஸ்விட்சை நீக்கிவிட்டு இரு கம்பிகளையும் முறுக்கி நாடா சுற்றிவிடுவது என்று பொருள். செலவில்லை, பத்து நிமிஷ வேலை. ஆனால் அதன்பின், கதவு திறந்திருந்தாலும் பூட்டியிருப்பதாகவே யந்திரம் நம்பும். 480 பாகையிலும் நம்பும். எங்கள் பேத்திக்கு அப்போது நான்கு வயது. கைப்பிடி அவளுக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

"டைரெக்ட் மத் கீஜியே, ஸ்விட்ச் பதல் தீஜியே" என்று சொன்னோம். இந்த ஒரு வாக்கியத்தை இந்தி அறியாத நம் தாய்மாரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். அவர் சற்றுச் சலித்துக்கொண்டார், ஆயினும் இசைந்தார்.

புது ஸ்விட்சு வர நான்கு நாளாயிற்று. அதுவரை எம்.சி.பி. அணைந்தே இருந்தது. ரசீதையும் பழைய ஸ்விட்சின் படத்தையும் வீட்டுக்காரருக்கு அனுப்பினோம். அடுத்த மாத வாடகையில் அத்தொகையைக் கழித்துக்கொள்ளச் சொன்னார்.